கெட்ட பேர் எடுத்தவளால் பிரயோசனம் இல்லையா? ஜேட் கூடி பற்றிக் கொஞ்சம் நீளமாக

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டது:
"ரியாலிட்டி ஷோவுல கெட்ட பேர் எடுத்த ஆக்களுக்கு அதோட சரி. நூறு நாள் ஏச்சு வாங்குவாங்க, பிறகு நாலு கடைக்கு ரிப்பன் வெட்டுவாங்க, அடுத்த சீசன் வந்தா யாரெண்டே தெரியாது. அதால ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல. இல்லையெண்டு சொல்றவங்க ஒரு ஆளக் காட்டுங்க பாப்பம்."

பெப்ரவரி 4

ஜேட் கூடி. லண்டன் பிள்ளை. 2009இல் 27 வயதில் இறந்துபோனார். தம்பி, நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ரியாலிட்டி ஷோவால் இவரளவுக்குக் கெட்ட பேர் எடுத்தவர்கள் குறைவு. அதுவும் இரண்டு தரம் எடுத்தார். ஆனால் பிரயோசனம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரியூஷன் முடிய வந்து எழுதுகிறேன்.

பெப்ரவரி 4, இரவு

முதலில் ஆள் யார் என்று சொல்லவேண்டும். பிறந்தது 1981, தென்கிழக்கு லண்டனில் பெர்மண்ட்சி என்ற இடம். தகப்பன் போதைக்கு அடிமை, 2005இல் அதாலேயே செத்தவர். தாய்க்கு மோட்டார்சைக்கிள் விபத்தில் ஒரு கை வழங்காமல் போய்விட்டது. அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டது சின்ன வயதிலிருந்தே இந்தப் பிள்ளைதான். வளர்ந்து ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தார்.

2002இல் பிரித்தானியாவின் சனல் 4இல் 'பிக் பிரதர்' மூன்றாவது சீசன். (நாங்கள் பார்க்கிற பிக் பாஸின் மூலம் அதுதான். 1999இல் நெதர்லாந்தில் தொடங்கி நாடு நாடாகப் போனது.) 20 வயதில் உள்ளே போனார். சத்தமாகக் கதைப்பார், நினைத்ததை அப்படியே சொல்லிவிடுவார், பொது அறிவு மட்டு. கிழக்கு அங்லியா என்பது இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கிற பகுதி. அதை வெளிநாடு என்று நினைத்துக்கொண்டு கேட்ட கேள்வி நாடு முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. பத்திரிகைகள் அதோடு விடவில்லை. பன்றி என்று தலைப்புப் போட்டார்கள். பன்றியை வெளியே அனுப்புங்கள் என்று வாசகருக்கு அழைப்பு விட்டார்கள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு இதொன்றும் தெரியாது.

பிறகு அதே பத்திரிகைகள் திசை மாறின. இவ்வளவு கொடூரம் கூடாது என்று வாசகர்களில் ஒரு பகுதி முகம் சுளித்தது, உடனே "எங்கள் ஜேட்" ஆகிவிட்டார். நாலாவதாக வெளியே வந்தார். அந்த சீசனில் வென்றவரின் பேர் கேட் லோலர். அவரை இன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம்? நாலாவது வந்தவரைத்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெப்ரவரி 6

பாலையூற்றில் இருந்து ஒரு தங்கச்சி, "தோற்றவர் எப்படிப் பணக்காரர் ஆனார்?" என்று கேட்டிருக்கிறார்.

தன் வாழ்க்கையையே விற்றார். சஞ்சிகைக்குப் பேட்டி, உடற்பயிற்சி டிவிடி, தன்னைப் பற்றியே தொலைக்காட்சித் தொடர்கள், 2006இல் சுயசரிதை, அதே ஆண்டில் தன் பேரில் ஒரு வாசனைத் திரவியம். பாட்டு, நடிப்பு, ஆட்டம் என்று கையில் ஒரு தொழிலும் இல்லை. தான் யார் என்பதைத் தவிர விற்க வேறு சரக்கு இல்லை. இதைக் கேவலம் என்று அங்கே நிறையப் பேர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது கேவலமாகப் படவில்லை. பெர்மண்ட்சியில் அந்த வீட்டில் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு வேறு என்ன கதவு திறந்திருந்தது? இரண்டு ஆண் குழந்தைகளையும் அந்த வருமானத்தில்தான் வளர்த்தார்.

பெப்ரவரி 7

இனி 2007. இதைத் தாண்டிப் போகமுடியாது.

ஜனவரியில் பிரபலங்களுக்கான பிக் பிரதர். தாயையும் காதலனையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே இந்தி நடிகை ஷில்பா ஷெட்டி. தாய்க்காரி ஷில்பாவின் பேரைக் கடைசிவரைக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஜேட்டும் இன்னும் இரண்டு பெண்களும் கூட்டுச் சேர்ந்து கொண்டார்கள். ஷில்பாவின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டினார்கள், அவர் சமைத்த கோழியைக் குறை சொன்னார்கள், இந்தியர்கள் கையால் சாப்பிடுவதைப் பற்றிக் கதைத்தார்கள். உச்சக்கட்டச் சண்டை ஒரு சூப் கட்டிக்கு. எங்கள் வீடுகளில் மகி கட்டி போடுவோமே, அதே சாமான்தான், அங்கே ஒக்ஸோ. அதற்காக ஜேட் கத்திய கத்தல் இன்றைக்கும் காணொளியில் கிடக்கிறது. பிறகொரு இடத்தில் ஷில்பாவின் குடும்பப் பேருக்குப் பதிலாக "பப்படம்" என்றார்.

ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொமுக்குப் போன முறைப்பாடுகள் ஏறத்தாழ 44,500. அதுவரைக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு போனதில்லை. பட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அப்போது பிரித்தானிய நிதியமைச்சராக இருந்த கோர்டன் பிரவுன் இந்தியாவுக்குப் போயிருந்தார். போன வேலையை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. கைத்தொலைபேசி விற்கிற கார்ஃபோன் வெயார்ஹவுஸ் விளம்பர அனுசரணையை நிறுத்தியது. வாசனைத் திரவியத்தைக் கடைகள் தட்டிலிருந்து எடுத்தன. ஜனவரி 19 வாக்கெடுப்பில் 82 வீதம் பேர் ஜேட்டை வெளியே அனுப்பினார்கள். வழமையாக வாசலில் நிற்கிற சனக்கூட்டத்தைக்கூட அன்றைக்கு விடவில்லை. ஷில்பா வென்றார். மே மாதம் ஒஃப்கொம் சனல் 4இன்மேல் குற்றம் கண்டது.

அந்த ஜனவரி 19 எனக்கு வேறொரு காரணத்தாலும் மறக்காது. அன்றைக்குத்தான் புலிகளிடமிருந்த, எங்கள் கிழக்குக் கரை வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது. எங்கள் வீட்டில் வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தோம். மூதூர், சம்பூர்ப் பக்கத்தால் 2006இல் இடம்பெயர்ந்து வாகரைக்குப் போன சனத்துக்குள் எங்கள் சொந்தமும் இருந்தது. லண்டனில் ஒரு சமையலறைச் சண்டை உலகச் செய்தி ஆகிறது, வாகரைச் சனம் எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கோபத்தில் ஜேட் கூடி என்ற பேரைக் கேட்டாலே எரிச்சல் வரும் எனக்கு.

பெப்ரவரி 8

நிலாவெளி அண்ணா கொதித்திருக்கிறார்: "இனவாதி ஒருத்தியைத் தூக்கிப் பிடிக்கிறியள்."

அண்ணா, நான் தூக்கிப் பிடிக்கவில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு நின்ற ஆள் நான். என் பேரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லி, சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். பேரைப் பழிப்பது பகிடி இல்லை என்று எனக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஜேட் செய்தது பிழை. அவரே அதை ஒத்துக்கொண்டார், இந்தியாவுக்குப் போய் மன்னிப்பும் கேட்டார்.

நான் கேட்பது அதற்குப் பக்கத்தில் இருக்கிற கேள்வி. அந்தக் காட்சியை வெட்டி, தொகுத்து, இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பினவர்கள் யார்? நாள் முழுக்கப் பதிவாகிற காட்சியில் எங்களுக்கு வருவது ஒரு மணித்தியாலம். ஆயிரம் விடயம் வெளியே போடாமல் விட்டவர்களுக்கு இதை நிறுத்தத் தெரியாதா? 2002இல் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்பதற்காகவே இவரை வளர்த்தார்கள், 2007இல் அதே வாய்க்காகவே திரும்ப அழைத்தார்கள். நேர்த்திக் கடாவுக்கு மாலை போட்டு வளர்ப்பது எதற்கென்று கடாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

பெப்ரவரி 8, பின்னேரம்

மேலே எழுதியதை வாசித்தால் ஜேட்டுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்பதுபோல விளங்குகிறது. அப்படி இல்லை. கடாவுக்கு வாய் இல்லை, ஜேட்டுக்கு இருந்தது. அவர் வாயால் சொன்னது அவருடையது. தொகுத்து விற்ற இலாபம் மற்றவர்களுடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும், ஒன்றால் மற்றதை அழிக்கக்கூடாது.

பெப்ரவரி 10

கதை கொஞ்சம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது, திரும்பட்டும்.

2017இல் தமிழ் பிக் பாஸ் முதல் சீசன் வந்தபோது ஜூலியை எங்கள் ஊரிலேயே எப்படியெல்லாம் ஏசினோம்? மெரீனாவில் ஜல்லிக்கட்டுக்குக் கோஷம் போட்டபோது வீரத்தமிழச்சி, வீட்டுக்குள் போய் இரண்டு கிழமையில் பொய்க்காரி. என் ரியூஷன் பிள்ளைகள் ஒரு பிள்ளைக்குப் பட்டம் வைத்து அழவைத்ததே "ஜூலி" என்ற பேரால்தான். 2019இல் இங்கிருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் போனபோது மட்டும் எங்களுக்குத் திடீரென்று ஞானம் வந்தது. "எடிட்டிங்ல ஏமாத்துறாங்கள்" என்று கடைக்காரரில் இருந்து ஓட்டோக்காரர் வரைக்கும் சொன்னார்கள். கன வருடம் காணாத தகப்பன் கனடாவிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்து லொஸ்லியாவுக்கு முன்னால் நின்ற அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே அழுகைச் சத்தம்.

எங்கள் பிள்ளை என்றால் தொகுப்பு விளங்குகிறது. ஊரான் பிள்ளை என்றால் ஏன் விளங்குவதில்லை?

பெப்ரவரி 13

உப்புவெளியில் இரண்டு நாளாக இணையம் வரவும் இல்லை போகவும் இல்லை. கேட்டவர்களுக்கு மிச்சக் கதை.

2008 ஓகஸ்ட். இந்தியாவில் பிக் பாஸ் இரண்டாவது சீசன், கலர்ஸ் சனலில். தொகுத்து வழங்கியவர் ஷில்பா ஷெட்டி. போட்டியாளராக வந்தவர் ஜேட் கூடி. ஷில்பா பழையதை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஜேட் உள்ளே போய் ஓரிரு நாள்தான், லண்டனில் எடுத்த பரிசோதனையின் முடிவு தொலைபேசியில் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய். அந்த வீட்டுக்குள், கமராவுக்கு நடுவில் இருந்தே தெரிந்துகொண்டார். உடனே ஊருக்குத் திரும்பினார்.

2009 பெப்ரவரியில் இனிச் சுகமாக்க ஏலாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். பெப்ரவரி 22 எசெக்ஸில் கலியாணம். மாப்பிள்ளை சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவர், இரவில் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று அவருக்கு ஊரடங்கு. கலியாண இரவுக்காக அதைத் தளர்த்த நீதி அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ சம்மதித்தார். படமெடுக்கும் உரிமையை ஒரு சஞ்சிகைக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் பெரிய தொகைக்கு விற்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கு மறைக்காமல் சொன்னார்: பிள்ளைகள் இரண்டும் படிக்கவேண்டும். சரியாக ஒரு மாதத்தில், மார்ச் 22, கண்மூடினார். பிரித்தானியாவில் அன்றைக்கு அன்னையர் தினம். 2007இல் இவருக்காக இந்தியாவில் பதில் சொல்லித் திரிந்த கோர்டன் பிரவுன் இப்போது பிரதமர், இரங்கல் சொன்னார்.

பெப்ரவரி 13, இரவு

அந்தக் கலியாணப் படங்களை நான் பார்த்தது லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிற மச்சாள் கொண்டுவந்த சஞ்சிகையில். கிமோ ஏற்றி முடி முழுக்கக் கொட்டிவிட்டது. மொட்டைத் தலையோடு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறார். தாள் வழுவழுப்பு, விளக்கு வெளிச்சம் பட்டு முகம் தெரியாமல் போகும், சரித்துப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.

அது 2009 பெப்ரவரி, மார்ச் என்பதை இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடைசிக்கட்டப் போர் நடந்த வன்னியின் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில் கப்பலில் காயப்பட்ட சனம் திருகோணமலைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் சாப்பாட்டுப் பார்சலோடு போய் வந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. போய்வந்து கை கழுவிவிட்டு அந்தச் சஞ்சிகையைப் பார்த்தபோது இரக்கம் வரவில்லை. ஒரு சாவுக்கு இவ்வளவு வெளிச்சமா என்றுதான் வந்தது. அந்த நேரத்தில் வேறு எப்படி வந்திருக்கும்?

மாறியது பிறகுதான். மாற்றியது ஜேட் இல்லை, என் சித்தி.

பெப்ரவரி 15

சித்தி திருக்கடலூரில் இருந்தவ. மாதவிலக்கு நின்று கன காலத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் பட்டிருக்கிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்து நன்னாரி அவித்துக் குடித்திருக்கிறா. துணியைத் தானே தோய்த்து, கொடியில் போட்டால் மற்றவர்கள் காண்பார்கள் என்று அறைக்குள்ளேயே காயவைத்திருக்கிறா. மகளுக்கே தெரியாது. நடக்க ஏலாமல் இடுப்பு நோ வந்தபிறகுதான் கூட்டிக்கொண்டு போனோம். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை. திருகோணமலையிலிருந்து இரவு பஸ், விடியக் கொழும்பு, அங்கிருந்து இன்னொரு பஸ். நோ தாங்காமல் சீற்றில் ஒரு பக்கம் சரிந்துதான் இருப்பா. தப்பவில்லை.

கட்டிலில் கிடக்கும்போது என்னிடம் கேட்டவ: "இது வாற இடமே வெக்கக்கேடான இடம் பிள்ளை, ஆரிட்டச் சொல்ல?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எனக்கு ஜேட் கூடி விளங்கினார். எங்கள் சித்தி கொடியில் போட வெட்கப்பட்ட அதே நோயை, அதே இடத்தின் பேரைச் சொல்லி, ஒரு நாட்டின் முழுப் பத்திரிகைக்கும் முன்னால் வைத்தவர் அவர். வெட்கம் கெட்டவள் என்று ஏழு வருடம் ஏசினார்களே, அந்த வெட்கமின்மைதான் வேலை செய்தது.

என்ன வேலை என்றா? 2008 நடுப்பகுதியிலிருந்து 2009 நடுப்பகுதி வரைக்குமான ஒரு வருடத்தில் இங்கிலாந்தில் வழமையைவிட நாலு இலட்சத்துக்கும் மேலான பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்து எழுதிய விடயம் இது. ஜேட் கூடி விளைவு என்றே பேர் விழுந்துவிட்டது. சில வருடத்தில் அந்த அலை வற்றியதும் உண்மை. ஆனால் போன பெண்களில் எத்தனையோ பேருக்கு நோயாக மாறமுதல் பிடித்திருப்பார்கள். கிண்ணியாத் தம்பி, இதைத்தான் பிரயோசனம் என்றேன்.

பெப்ரவரி 16

ஒருவர் "ஜேட் செத்தபடியால்தான் எச்.பி.வி. தடுப்பூசியே வந்தது" என்று எழுதியிருக்கிறார், அதற்கு நிறைய விருப்பக்குறி வேறு. இல்லை. பிரித்தானியாவில் 12, 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி 2008 செப்டெம்பரிலேயே தொடங்கிவிட்டது, முடிவெடுத்தது அதற்கு முதலே. பரிசோதனை வயதை 25இலிருந்து 20ஆகக் குறைக்கச் சொல்லித்தான் அவர் பேரால் இயக்கம் நடந்தது. 2009இல் நிபுணர் குழு ஆராய்ந்து 25ஆகவே விட்டது. செய்யாததைச் செய்ததாகச் சொல்லி அவருக்குப் பெருமை சேர்க்கத் தேவையில்லை, செய்ததே போதும்.

அதே 2008இல்தான் இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ் என்று கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

பெப்ரவரி 17

"செத்தபிறகு எல்லாரும் புகழத்தான் செய்வாங்க" என்கிறார் நிலாவெளி அண்ணா.

எல்லாரும் இல்லை. மூத்த ஒளிபரப்பாளர் மைக்கல் பார்கின்சன் அடக்கம் முடிந்த கையோடு மிகக் கடுமையாக எழுதினார். இன்றைய பிரித்தானியாவின் கேவலத்துக்கெல்லாம் அடையாளம் இவர் என்கிற பாணியில். அதே கட்டுரையில், சாகும்வரைக்கும் ஊடகங்கள் இவரை வைத்துப் பிழைத்தன என்றும் எழுதினார். இரண்டாவது பகுதியோடு எனக்கு முழு உடன்பாடு. முதல் பகுதியை, பேரும் புகழும் உள்ள ஆம்பிளை ஒருவர், படிக்க வழியில்லாமல் வளர்ந்த ஒரு பொம்பிளையைப் பற்றி எழுதியதாகத்தான் வாசிக்கிறேன்.

பெப்ரவரி 20

உள்பெட்டியில் வந்து கேட்டவர்கள் எல்லாரும் பெண்கள், எல்லாரும் ஒரே கேள்வி: அந்தப் பரிசோதனையில் என்ன செய்வார்கள், நோகுமா?

நான் எடுத்ததைச் சொல்கிறேன். எம்.ஓ.எச். ஒபிசில் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) சுகவனிதையர் கிளினிக். இது 1996இலிருந்து இலங்கையில் நடக்கிறது, காசு இல்லை. 35 வயதில் ஒருக்கால், பிறகு 45இல் என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு எங்கள் பகுதி மிட்வைப் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவ. முதலில் பிரஷர், சீனி, நிறை. பிறகு மார்பைப் பரிசோதித்து, நீங்களே எப்படிப் பார்ப்பது என்றும் காட்டித் தருவார்கள். அதற்குப் பிறகுதான் மறைப்புக்குள் கட்டில். முழங்காலை மடித்துப் படுக்கவேண்டும், மேலே சீலை போர்த்திவிடுவார்கள். ஒரு கருவியை வைத்து விரித்து, ஐஸ்பழக் குச்சிபோல ஒரு மரத்துண்டால் கருப்பை வாயில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். தகட்டின் ஓரத்தில் பென்சிலால் இலக்கம். பேனையால் எழுதினால் மருந்தில் அழிந்துவிடுமாம், அந்த நேர்ஸ் சொன்னவ. அவ்வளவுதான். கருவி குளிர்ந்தது, கொஞ்சம் அமத்துகிறமாதிரி இருந்தது. நோவு என்று சொல்லமாட்டேன். வெளியே வரும்போது சித்திக்கு இதை ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான் நினைத்தேன்.

மாற்றம் ஏதும் இருக்கிறது என்று முடிவு வந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அது வருடக்கணக்காக மெல்லமெல்ல வருகிற நோய். அதற்கு முதல் கட்டத்திலேயே பிடித்துச் சுகமாக்கத்தான் இந்தப் பரிசோதனை.

பெப்ரவரி 21

பள்ளிக்கூடத்தில் ஊசி போடப் பேப்பர் வந்ததாம், ஒப்பம் வைக்கலாமா என்று ஒரு அம்மா. வையுங்கள். 2017இலிருந்து ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கமே போடுகிறது. "இந்த வயதில் இது எதற்கு" என்று மாமியார் கேட்டால், வைரஸ் உடம்புக்குள் வரமுதல் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும், அதற்குத்தான் இந்த வயது என்று சொல்லுங்கள்.

பெப்ரவரி 24

பாலையூற்றுத் தங்கச்சிக்கு: 38 ஆகிவிட்டது, 35இல் போகவில்லை, இனிப் போனால் ஏசுவார்களா என்று பயப்படவேண்டாம். கிளினிக் 35க்கு மேற்பட்ட பெண்களுக்குப் பொதுவானது. உங்கள் மிட்வைப்பிடம் எந்த நாள், எத்தனை மணி என்று கேளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். மாதவிலக்கு நாளில் போகவேண்டாம். போகிறதுக்கு முந்தின இரண்டு நாளும் உள்ளே வைக்கிற மருந்து ஏதும் பாவிக்கவேண்டாம், கணவனோடு சேரவும் வேண்டாம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். தனியப் போக ஒருமாதிரி இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கேளுங்கள், அவவுக்கும் எடுக்க இருக்கும். முடிவு வர நாளாகும். வராவிட்டால் விட்டுவிடாமல் போய்க் கேளுங்கள்.